ஒக்பூன் சாவியைத் திருப்பவில்லை

தென்கொரியாவின் பூசான் துறைமுகத்துக் குளிர்கிடங்கு ஒன்றில் பல வருடங்களாகக் கானாங்கெளுத்தி மீனைத் தரம் பிரித்து வந்தவள் ஒக்பூன். அங்கே மீன் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய இரண்டு ஆண்களுக்கும் அவளைப்போல ஒன்றரை மடங்கு சம்பளம். கேட்டால் மேனேஜர் பியோன், "அவங்ககிட்ட லைசென்ஸ் இருக்கும்மா" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஒக்பூன் ஞாயிறு தோறும் பயிற்சிக்குப் போய், தேர்வில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறி, லைசென்ஸை அவர் மேசையில் வைத்தாள்.

"பிரமாதம்! நாளையிலருந்து ஓட்டும்மா. ஆனா அந்தச் சம்பளம், குடும்பத்தைக் காப்பாத்துற ஆளுக்குத்தான்."

"எங்க வீட்டுக்காரர் டிவி முன்னாடி படுத்துக்கிட்டே ரெண்டு ஆள் சோறு திங்கிறாரே, அவர் என்ன குடும்பமா, குடக்கூலிக்கு வந்தவரா?"

பியோன் சிரித்து மழுப்பினார். வண்டி கிடைத்தது, சம்பளம் ஏறவில்லை. ஆனாலும் ஓட்டினாள்.

ஆகஸ்ட் வெயிலில் ஒருநாள் தொழிலாளர் துறை அதிகாரி வந்து லைசென்ஸைக் காட்டச் சொன்னார். அந்த இரண்டு ஓட்டுநர்களில் ஒருவனான யோங்பே பையைத் துழாவி லாட்டரிச் சீட்டை எடுத்தான். மற்றவரான குக், "வீட்டுல இருக்கு" என்றார். வீட்டிலும் இல்லை என்று முகமே சொன்னது. இருவரும் இனி வண்டியைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரி போய்விட்டார்.

வாசலில் இரண்டு லாரி மீன். பியோன் ஓடிவந்தார்.

"ஒக்பூன் அக்கா! சீக்கிரம் எடுங்கக்கா!"

அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பவில்லை.

"அக்காவா? நேத்து வரைக்கும் ஏம்மா, வாம்மாதானே சார். எடுக்கிறேன். குடும்பமில்லாதவ சம்பளத்துக்கு ஏத்த வேகத்துல எடுக்கிறேன். பொழுது சாயறதுக்குள்ள ஒரு பெட்டி உள்ள போயிரும்."

"மீன் நாறிடும்கா!"

"இங்க எது நாறல?"

தரம் பிரிக்கும் பெண்கள் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பியோன் வியர்வையைத் துடைத்தபடி, இன்றிலிருந்தே ஆண்களுக்குக் கொடுத்த அதே சம்பளம் என்றார்.

"இதுவரைக்கும் குறைச்சுக் கொடுத்தது?"

"முதலாளியைக் கேக்கணுமே."

"கேளுங்க. நான் எங்கயும் போகல."

முதலாளி போனில் கத்தியது லாரி வரை கேட்டது. கடைசியில் அந்தப் பாக்கியில் பாதி தர ஒப்புக்கொண்டார். ஒக்பூனுக்கு மனசில்லைதான். ஆனால் மீன் மேல் அவளுக்குக் கோபமில்லை. சாவியைத் திருப்பினாள்.

சாப்பாட்டு நேரத்தில் யோங்பே தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, அந்தத் தேர்வு ரொம்பக் கஷ்டமா?"

"வண்டியைப் பின்பக்கமா ஓட்டி, பின்வாங்கிக் காட்டணும்டா. ஆம்பளைங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்."