உடன் ஆடியவர்

குடியேற்ற அலுவலகத்தின் கடிதத்தை ருக்ஸாந்தா ஒரு காலில் நடனக் காலணியும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் நின்றபடி படித்தாள். இரண்டு மணி வகுப்புக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அந்த ஸ்டுடியோ. பாலத்தில் ரயில் போகும்போதெல்லாம் உடை மாற்றும் அறையின் ஜன்னல் கடகடவென்று ஆடும். இப்போதும் ஆடியது. கடிதம் என்னவோ மரியாதையாகத்தான் இருந்தது. அசாதாரணத் திறமை படைத்தவர் என்ற வகையில் நிரந்தர வசிப்புரிமை கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் காட்டியிருக்கும் பட்டங்கள் எல்லாம் ஜோடியாகப் பெற்றவை. இவற்றில் தனிப்பட்ட முறையில் உங்கள் பங்கு என்ன என்பதற்குச் சான்று இல்லை. எண்பத்து நான்கு நாட்களுக்குள் அனுப்பி வைக்கவும்.

பதினேழு வருடம் ஜோடி நடனம் ஆடியவளிடம் வந்து, தனியாக என்ன செய்தாய் என்கிறார்கள். பிசைந்த மாவைக் காட்டி இதில் தண்ணீர் எது என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? போட்டிகளில் எண் எழுதிய துணியைக்கூட ஆணின் முதுகில்தான் குத்துகிறார்கள். நடுவர்கள் தாளில் குறிப்பது அந்த எண்ணை. செய்தித்தாளில் முதலில் வருவது அவன் பெயர். மால்டோவாவின் சாம்பியன் பட்டம் நான்கு முறை, உலகப் போட்டியில் ஒருமுறை பதினொன்றாம் இடம், எல்லாம் மரினும் ருக்ஸாந்தாவும்தான். பன்னிரண்டு வயதில் கிஷினாவ் கலாசார மண்டபத்தில், பதினான்கு வயது மரினின் வலது கைக்குள் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார் மாஸ்டர். அன்றைக்கு நின்றவள்தான்.

காதல் கீதல் என்று எதுவும் இல்லை. ஆட்களிடம் அதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவனுக்குக் காதலிகள் வந்தார்கள், போனார்கள். அவளுக்கும் ஒருவன் வந்து போனான். காலையில் ஒன்பது மணிக்கு இருவரும் பயிற்சிக்கு நின்றார்கள். அவ்வளவுதான், ஆனால் அது கொஞ்சமா என்ன!

மரினுக்குக் குளிர்காலத்திலேயே நிரந்தர வசிப்புரிமை அட்டை வந்துவிட்டது. முதலில் அவன் விண்ணப்பம் போடட்டும், எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு அதே வழியில் பிறகு இவள் போடலாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். அவனுடைய பட்டங்களைப் பட்டியல் போட்டதும், பழைய செய்திகளை மொழிபெயர்த்ததும் இவள். அட்டை வந்த அன்று பாலாடைக்கட்டி வைத்து ஊர்ப் பக்குவத்தில் பிளாச்சிந்தா ரொட்டி சுட்டாள். "அடுத்தது நீதான்டி, ருக்ஸா," என்று அவன் அவளைத் தூக்கிச் சுற்றியதில் சமையலறை விளக்கு உடைந்தது. இப்போது ஜூன். இருக்கும் விசா செப்டம்பரில் முடிகிறது. அதற்குள் இவளுக்கும் அட்டை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கே போவது? அம்மா இத்தாலியில் யாரோ ஒரு முதியவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். கிஷினாவ் வீட்டை விற்று ஏழு வருடமாகிறது.

மறுநாள் காலையில், கிஷினாவில் சாயங்காலமாக இருக்கும் நேரம் பார்த்து, மாஸ்டரைக் கூப்பிட்டாள்.

"சொல்லு கண்ணு," என்றார் கசாக்கு மாஸ்டர். "முட்டி வலி தேவலையா?"

"பரவாயில்லை மாஸ்டர். எனக்கு இன்னொரு லெட்டர் வேணும். போன தடவை அனுப்பினது போதாதாம்."

"அதுக்கென்ன. நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன். எனக்கு எங்க இங்கிலீஷ் தெரியுது?"

"என்னத்தை எழுதறதுன்னே தெரியலை மாஸ்டர்."

"இப்படிக் கூச்சப்பட்டா எப்படி? மரினைப் பாரு, மூணு பக்கம் எழுதி அனுப்பினான். இரு, அதையே உனக்கு அனுப்பறேன். அவனுக்கு வேலை செஞ்சிருக்கில்ல? பேரை மட்டும் மாத்திக்கோ."

சிபாரிசுக் கடிதங்கள் இப்படித்தான் தயாராகின்றன. யாருக்கு வேண்டுமோ அவரே எழுதிக்கொள்வார். பெரிய ஆட்கள் கையெழுத்துப் போடுவார்கள். பேராசிரியர்களும் இதைத்தான் செய்கிறார்கள், சமையல் நிபுணர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஒருவரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. ருக்ஸாந்தாவுக்குத்தான் தன்னைத் தானே புகழக் கை வரவில்லை. போன தடவை மாஸ்டர் பெயரில் அவள் எழுதிக்கொண்ட கடிதத்தில் பாதிக்கு மேல் மரினைப் பற்றித்தான் இருந்தது. வக்கீல் ஆபீஸ் பெண் அதைப் படித்துவிட்டு, "இது உங்களுக்கா, அவருக்கா?" என்று கேட்டே விட்டாள்.

மரினின் கடிதம் போனுக்கு வந்தபோது அவள் கடற்கரை நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதல் பக்கத்தைப் படித்துச் சிரித்தாள். 'தலைமுறைக்கு ஒருவர்' என்று தன்னைப் பற்றித் தானே எழுதியிருக்கிறான், கொழுப்பைப் பார்! இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. 'நான்காவது தேசியப் பட்டத்தை வென்று தந்த டாங்கோவை மரினே தனித்து அமைத்தார்.' அந்த டாங்கோவை அவள் தன் சமையலறைத் தரையில், சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு அமைத்தாள். தன் கணுக்கால் எலும்பு விரிசல் விட்டிருந்த மூன்று மாதம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு அடியாக அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அதற்கும் கீழே இருந்தது இன்னொரு பத்தி. 'ஜோடி நடனத்தில் படைப்பவர் ஆண். பெண் அவர் வழிநடத்தலைப் பின்தொடர்பவர். இவருடன் ஆடியவர் ஓரளவு தேர்ச்சி பெற்றவரே. வேறு எவருடன் ஆடியிருந்தாலும் மரின் இதே உயரத்தைத் தொட்டிருப்பார்.' மூன்று பக்கத்திலும் அவள் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. உடன் ஆடியவர், உடன் ஆடியவர், அவ்வளவுதான். கீழே மாஸ்டரின் கையெழுத்து, வழக்கம்போல வலப்பக்கம் சரிந்து.

ஓரளவு தேர்ச்சி பெற்றவர். அந்தச் சொற்களை அவளுக்குத் தெரியும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மரின் பயிற்சிக்கு நடுவில் வந்து கேட்டான்: "மோசமில்லை, ஆனா பெரிசா சொல்லிக்கவும் ஒண்ணுமில்லை. இதை மரியாதையா இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?" யாரோ மாணவியைப் பற்றிப் பெற்றோருக்கு எழுதுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். யோசித்து, மனசு புண்படாத மாதிரி நல்ல வார்த்தையாக எடுத்துக் கொடுத்தாள். "நீ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்," என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போனான், பாவி. தன்னை வெட்டக் கத்தியைத் தானே தீட்டிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பக்கத்து பெஞ்சில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்கு இருமினாள்.

மரின் ஸ்டுடியோவில் தரையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். அவள் போனை அவன் மடியில் போட்டாள். எடுத்துப் பார்த்தான். தோலைத் துப்ப மறந்துவிட்டான்.

"மாஸ்டர் அனுப்பினாரா?"

"இதுதான் உன் முதல் கேள்வியாடா?"

"இல்லை ருக்ஸா, கேளு. வக்கீல்தான் சொன்னாரு. ஜோடியா வாங்கினதை ஜோடியாவே காட்டினா தரமாட்டாங்க, ஒருத்தரைத் தனியாப் பிரிச்சுக் காட்டணும்னாரு. வேற வழி இல்லை. ரெண்டு பேரும் கீழயே கிடக்கறதுக்கு ஒருத்தன் ஏறிட்டு மத்தவளைத் தூக்கலாமேன்னுதான்…"

"ஏறினே சரி. என் தலை மேல காலை வச்சா ஏறணும்?"

"வெறும் பேப்பர்டி அது! யாரு படிக்கப் போறாங்க?"

"நான் படிச்சேன்."

அவன் விதைப் பொட்டலத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"எங்கிட்ட முன்னாலேயே சொல்லியிருந்தா நானே எழுதிக் கொடுத்திருப்பேன்," என்றாள். "சத்தியமா எழுதியிருப்பேன். அதுதான் எனக்கு எரியுது. அந்த வார்த்தையை எங்கிட்டயே வந்து கேட்டு வாங்கிட்டுப் போக உனக்கு நாக்கு கூசலையா?"

"கூசிச்சு," என்றான். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீ எழுதிட்டு வா. நான் கையெழுத்துப் போடறேன். என்னைப் பத்தி என்ன வேணா எழுது. கழுதைன்னு எழுது, போடறேன்," என்றான்.

அவள் கழுதை என்று எழுதவில்லை. ஒரே பக்கம். அதில் மரின் மோசமாக ஆடினான் என்று ஒரு சொல் கிடையாது. டாங்கோவை அமைத்தது யார், அவள் கணுக்கால் விரிசல் விட்ட அந்த மூன்று மாதம் என்ன நடந்தது, உலகப் போட்டிக்கு முன் வால்ட்ஸின் கடைசிச் சுற்றை மாற்றச் சொன்னது யார், நடந்தது நடந்தபடி. இந்த விஷயங்களைச் சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. வக்கீல் ஆபீஸ் பெண்ணும் போனில் அதையே சொன்னாள்: "உங்க பார்ட்னரே சொன்னா அதைவிடப் பெரிய சான்று கிடையாது." மூன்று வாரத்தில் முதல் தடவையாக அன்று ருக்ஸாந்தா வயிறாரச் சாப்பிட்டாள்.

மரின் கடிதத்தை வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தான். கையெழுத்து இல்லை.

"எல்லாம் உண்மைதான்," என்றான், கதவோரமாக நின்றுகொண்டு. "ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனா வக்கீல் வேண்டாங்கறார். நான் இதுல கையெழுத்துப் போட்டா, முன்னாடி கொடுத்தது பொய்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடுமாம். கார்டைப் பிடுங்கிடுவாங்களாம்."

"முன்னாடி கொடுத்தது பொய்தானே?"

அவன் காலணி முனையால் தரையைத் தேய்த்தான்.

"வாயைத் திறந்து சொல்லு மரின். இங்க யாரும் இல்லை. எனக்கு மட்டும் சொல்லு."

"எங்க அப்பாவுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன்," என்றான். "நான் இங்க சம்பாதிச்சு அனுப்பலைன்னா அங்க ஒண்ணும் நடக்காது. ப்ளீஸ், ருக்ஸா." அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். அவன் நடித்தால் கீழ் உதடு வேறு மாதிரி போகும். அவன் உடம்பில் அவளுக்குத் தெரியாத அசைவு எது? அப்படித் தெரிந்தும் இது தெரியாமல் போயிற்றே. அவனுடைய மூன்று பக்கத்தையும் இந்த ஒரு பக்கத்தையும் ஒரே உறையில் போட்டுக் குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். இவனும் பெட்டி கட்டுவான், ஒன்றாகவே விமானம் ஏறலாம். அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். உறைகூட மேசையில்தான் இருந்தது.

நாட்கள் போயின. மாஸ்டரிடமிருந்து இன்னொரு கடிதம் வாங்கலாம் என்றால், அவர் முன்பு போட்ட கையெழுத்தும் அந்த மூன்று பக்கத்தின் கீழேதான் இருக்கிறது. கெடு முடிய பத்தொன்பது நாள் இருக்கையில் வக்கீல் ஆபீஸ் பெண் மறுபடி கூப்பிட்டாள். "நீங்க மட்டும் தனியா ஆடற வீடியோ ஏதாவது இருக்கா?" பதினேழு வருடத்துப் பதிவுகளையும் ருக்ஸாந்தா தேடினாள். ஒன்றுகூட இல்லை. இருக்கும் என்று எதிர்பார்த்ததே அசட்டுத்தனம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பயிற்சிக்கு வந்த மரினிடம் அவள் தன் போனை நீட்டினாள்.

"நீ கையெழுத்துப் போட வேண்டாம். இதைப் பிடிச்சுக்கோ. நான் ஆடறேன், நீ எடு."

"தனியாவா? வால்ட்ஸையா?"

"ஆமா."

"அது எப்படி இருக்கும், ருக்ஸா? பார்க்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். எடு."

அவன் எடுத்தான். பெண்ணுக்கு உரிய அடிகள் பாதிக்கு மேல் பின்னோக்கியவை. பிடித்துக்கொள்ள யாருமில்லாமல், தலையை இடப்பக்கம் சாய்த்து, பின்னோக்கியே அந்தக் கூடத்தை முழுதாகச் சுற்றி வருவது எவ்வளவு கஷ்டம் என்று ஆடும்போதுதான் தெரிந்தது. இரண்டு இடத்தில் தடுமாறினாள். விழவில்லை. பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்க வந்து போனை வாங்கிப் பார்த்தாள். படம் தெளிவாக இருந்தது. ஆனால் மூன்று சுவரிலும் கண்ணாடி. அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னால் ஒரு மரின் நின்றுகொண்டிருந்தான், போன் முகத்தை மறைக்க.

"மறுபடி எடுக்கணும்," என்றாள். "நீ தெரியறே. தள்ளி நில்லு."

தள்ளினான்.

"இன்னும் தெரியறே."

ஓரத்துக்குப் போனான். அங்கே வேறொரு கண்ணாடியில் வந்தான். முதுகு கதவில் முட்டும்வரை போனான். அவள் கூடத்தின் நடுவில் நின்று, ஒவ்வொரு சுவராகத் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தோள் தெரியுது. இன்னும் கொஞ்சம்." கதவைத் திறந்து வெளியே போனான். "தலை தெரியுது, மரின்." மாடிப்படியில் ஒரு படி இறங்கினான். பிறகு இன்னொன்று.

"இப்போ?" என்று கீழேயிருந்து அவன் குரல் வந்தது.

கதவின் ஓரத்தில் போனைப் பிடித்த விரல்கள் மட்டும் இருந்தன. ருக்ஸாந்தா பாட்டைப் போட்டுவிட்டு நடுவில் வந்து நின்றாள். வெறும் காற்றைச் சுற்றிக் கைகளை உயர்த்தி, தலையைச் சாய்த்து, வலது காலைப் பின்னால் வைத்தாள்.