பாதங்கள் சிரிக்குமா

ஆனால் எந்தத் தட்டில் என்று கேட்டதில் என்ன தப்பு, மூக்குக் கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினேன் என்று ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தால் கட்டின புருஷன் அக்கறையாகக் கேட்க வேண்டியது அதுதானே, மேல் தட்டு என்றால் குளிரில் ஃபிரேம் விரிசல் விடும், காய்கறித் தட்டு என்றால் பாதகமில்லை... அதற்குப் போய், "உங்களுக்கு நகைச்சுவைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதா? கொஞ்சம் வளர்த்துக்கங்க, அதுவரைக்கும் நான் அக்கா வீட்ல இருக்கேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, லிஃப்டில் ஏறி, மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள். லிஃப்ட் மெக்கானிக்கின் பெண்டாட்டி, போன வாரம் அவனே எண்ணெய் போட்டுத் துடைத்த லிஃப்டில். வேண்டுமென்றே நிறுத்தினான் என்று நினைப்பாளோ, நினைத்தாலும் தேவலை, குறும்புக்காரன் என்றாவது ஆகும்... வளர்த்துக்கொள் என்கிறாள், அது என்ன மீசையா, சும்மா விட்டால் வளர?

மொட்டை மாடி அறையில் மூத்த மெக்கானிக் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார், லிஃப்ட் ஆமையாக இறங்கிக்கொண்டிருந்தது. இவன் வேலை இரண்டாம் மாடிக் கதவருகே நின்று பேச்சுக் கொடுப்பது, உள்ளே இருப்பவர் பயந்துவிடாமல் பேச்சு அறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தொழிலின் முதல் விதி... விதியாகப் போயிற்று, இல்லையென்றால் கோபித்துக்கொண்டு போகிறவளிடம் எந்த மூஞ்சியோடு பேசுவது? கதவின் ஒடுக்கமான கண்ணாடி வழியே முதலில் தெரிந்தது அவள் செருப்பு, அப்புறம் பாதம், அவ்வளவுதான். பாதங்களிடம் என்ன பேசுவது? பத்திரிகையில் படித்து நெட்டுருப் போட்ட டாக்டர் ஜோக் ஒன்றை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். பாதங்கள் அசையவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. அந்தக் கடைசி வரிதான் சிரிக்கிற இடம்."

பாதம் ஒன்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. பேச்சு அறுந்துவிடக் கூடாதே, வேறு என்ன இருக்கிறது தன்னிடம், வேலைதான் இருக்கிறது... "பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை லிஃப்ட் நின்னுபோச்சு. மூணு பேர் மாட்டியிருக்கோம்னு உள்ளேருந்து கத்தினாங்க. திறந்தா நாலு பேர் வந்தாங்க."

"நாலா?"

"நாலாவது ஆள் மூலையில தூங்கிட்டிருந்தாராம். எப்ப ஏறினார்னு யாருக்கும் தெரியல. ஆனா பளிச்சுனு ஷேவ் பண்ணியிருந்தார். அதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

கால்விரல்கள் மடங்கின, ஒரு செருப்பு கழன்றது, பை பொத்தென்று விழுந்தது... அடடா, மயக்கமா, மூச்சு முட்டுகிறதா? இல்லை, உள்ளே இருந்து வந்தது சிரிப்பு. எதற்கு? இது ஜோக் இல்லையே, மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் ஆயிற்றே, அவர் அப்போது சிரிக்கவில்லையே, கையெழுத்துத்தானே போட்டார்... ஒருவேளை வீட்டுக்குப் போய்ச் சிரித்திருப்பாரோ?

"போதும்ங்க, வயிறு வலிக்குது... அந்த ஆள் அப்புறம் என்ன சொன்னான்?"

"தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் படியில மேல போனார்."

இதற்கும் சிரித்தாள். முழங்கால் வந்தது, முந்தானை வந்தது, முகம் வந்தது, கண்ணெல்லாம் ஈரம், அது சிரித்ததால் வந்த ஈரமா அதற்கு முன்பே இருந்ததா என்று கேட்கலாமா கூடாதா... "தம்பி, லெவல் ஆச்சாடா?" என்று மேலிருந்து குரல். குனிந்து பார்த்தான். லிஃப்ட் தரையும் மாடித் தரையும் ஒன்றாகப் பொருந்தியிருந்தன, கோலிக்குண்டை உருட்டினால் தடுக்காமல் போகும். அவளும் குனிந்து பார்த்தாள், பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இன்னும் ஆகலைன்னு சொல்லுங்க" என்றாள்.

ஆகிவிட்டதே, அவளுக்கும் தெரிகிறதே... ஜோக்கா? ஜோக் என்றால் சிரிக்கிற இடம் எது? இவன் வாய் தானாகத் திறந்து, "இன்னும் இல்லண்ணே!" என்று கத்திவிட்டது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து லெவல் விஷயத்தில் அவன் பொய் சொன்னதில்லை. மேலே சக்கரம் நின்றது. மூத்தவர் குரல் மறுபடி வந்தது, "அப்ப மேல ஏத்தவா, கீழ இறக்கவாடா?"

மேலே என்றால் வீடு, கீழே என்றால் அக்கா. அவன் கதவுக் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், சிரிப்பை அடக்கவா, இல்லை... கேட்டால் போய்விடும் என்று மட்டும் தோன்றியது, எது போய்விடும் என்றுதான் தெரியவில்லை.