கிரேனிலிருந்து இறங்கிய அண்ணன்

தம்பி செத்தது காலை அலாரச் சத்தத்தில். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தவன் அப்படியே சரிந்தான். பிரேதப் பரிசோதனையில் எந்தக் குறையும் தெரியவில்லை. இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும் பரம்பரைக் கோளாறாக இருக்கலாம், கூடப் பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர்.

நடுவில் பிறந்தவள் உடனே போய்ப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. அண்ணன்தான் பிடிகொடுக்கவில்லை. கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவர்; பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள், பாப்பா. "இந்த வாரம் கான்கிரீட்", "லீவு தரமாட்டேங்கறாங்க" என்று நாளைக் கடத்தினார்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தையல் ஆலையில் துணி வெட்டும்போது கை தானாக நின்றுவிடும். அண்ணனுக்கு போன் போட எடுப்பாள். மணிச்சத்தமே அவரைக் கொன்றுவிட்டால்? வைத்துவிட்டு அண்ணியைக் கூப்பிடுவாள்.

"அண்ணன் எந்திரிச்சாச்சா அண்ணி?"

"குறட்டை தெருவுக்கே கேக்குது, உனக்குக் கேக்கலையா?"

சிரிப்பாள். போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுப்பாள்.

இப்படிப்பட்ட குடும்பங்களைக் கவனிப்பதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தார். அவரிடம் போய்ப் புலம்பினாள்.

"எதுக்குப் பயப்படறார்னு கேட்டீங்களா?" என்றார் நர்ஸ்.

திட்டியிருக்கிறாள், கெஞ்சியிருக்கிறாள். கேட்டதில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கட்டட வாசலில் போய் நின்றாள். அண்ணன் கிரேன் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்க இறங்க, அவள் கம்பிவேலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குண்ணே பயப்படறே?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மண்ணில் வைத்தார்.

"போன வாரம் மேல இருக்கறப்ப கண்ணு இருட்டிருச்சு. முழிச்சுப் பார்த்தா பாரம் தொங்குது, கீழ ஆளுங்க நிக்கறாங்க." கிரேனை அண்ணாந்து பார்த்தார். "எனக்கு இருந்தா, பாப்பாவுக்கும் நான்தானே குடுத்திருப்பேன்?"

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். "இனிமே மேல ஏறாதே. கிளம்பு."

பரிசோதித்ததில் அண்ணனுக்கும் அந்தக் கோளாறு இருந்தது. ரத்தப் பரிசோதனையில் பாப்பாவுக்கும் இருப்பது தெரிந்தது. நடைக்கூடத்துச் சுவரில் முகத்தைப் புதைத்து அவர் அழுதார். நர்ஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க மூக்கும்தான் அவளுக்கு வந்திருக்கு. பார்த்துப் பார்த்தா குடுத்தீங்க? இப்ப தெரிஞ்சுபோச்சு, மாத்திரை இருக்கு. அதை நினைங்க."

அண்ணனுக்கு நெஞ்சில் தோலுக்கடியில், துடிப்பு தவறினால் சரிசெய்யும் ஒரு கருவி வைத்தார்கள். கிரேனை விட்டுவிட்டு, கீழே நின்று கிரேன் ஓட்டுகிறவனுக்குச் சைகை காட்டும் வேலைக்கு மாறினார். புதிதாக ஏறியவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தினமும் முணுமுணுப்பார். பாப்பா மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நர்ஸே பள்ளிக்குப் போய் ஆசிரியர்களுக்குச் செய்து காட்டினார்.

நடுவில் பிறந்தவளின் பதைப்பு மட்டும் முழுசாக அடங்கவில்லை. தினமும் காலையில் ஆலைக்குப் போகும் வழியில் அண்ணன் வீட்டில் நுழைவாள். பாப்பா மாத்திரையை விழுங்கிவிட்டு நாக்கை நீட்டுவாள்.

"போதுமா அத்தை?"

"நாக்கைத் தூக்கு, அடியிலயும் பாக்கணும்."