பன்னிரண்டு மணி நேரத் தாகம்

எங்கள் நர்சிங் பள்ளியில் நான் எடுக்கும் பாடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஏன் வகுப்பு'. வார்டில் வழக்கமாகச் செய்யும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆராய்ச்சியில் ஆதாரம் உண்டா என்று தேடி வர வேண்டும். பெரும்பாலும் கணினியில் நாலு கட்டுரையைப் பிடித்து ஒப்பேற்றிவிடுவார்கள். வைசாலே அப்படிப்பட்ட ஆள் இல்லை. தலைநகர் சுவாவில் பத்து வருடம் போலீஸ் வேலை பார்த்துவிட்டு, முப்பத்து நாலு வயதில் படிக்க வந்தவன். நான் அவனைக் கான்ஸ்டபிள் என்றுதான் கூப்பிடுவேன்.

அவன் எடுத்துக்கொண்டது பிரசவ வார்டுச் சுவரில் இருந்த அறிவிப்பை. 'சிசேரியன் ஆன தாய்க்குப் பன்னிரண்டு மணி நேரம் வாய்வழி எதுவும் தரக் கூடாது.'

அன்று காலை ஆறு மணிக்குத்தான் எங்கள் தெரு விலிமைனாவுக்குச் சிசேரியன் ஆகியிருந்தது. பதினொரு மணிக்கு உதடு வெடித்துக் கிடந்தாள். அவள் நாத்தனார் எலுமிச்சை இலைத் தேநீரைப் பிளாஸ்க்கில் கொண்டுவந்து மடியில் வைத்தபடி எங்களை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"தேடிட்டேன் சிஸ்டர்," என்றான் வைசாலே. "சீக்கிரமே குடிக்கக் குடுத்தா கெடுதல் இல்ல, குடலும் சீக்கிரம் வேலை செய்யுதுன்னுதான் ஆராய்ச்சி சொல்லுது."

"அதெல்லாம் பெரிய ஊரு ஆஸ்பத்திரியில," என்றாள் வார்டு பொறுப்பு மெரேயோனி. "இங்க காரணம் இல்லாமலா ஒட்டியிருப்பாங்க?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "அப்போ காரணத்தைக் கண்டுபிடி கான்ஸ்டபிள்," என்றேன்.

"யாரு ஒட்டினது?"

"ஆபீஸ்."

"ஆபீஸ்ல யாரு?"

"போலீஸ் புத்தி போகுதா பாரு!" என்று மெரேயோனி சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. அறிவிப்பின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தான். அடியில் இன்னொரு தாள் தெரிந்தது. பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி உரிக்க ஆரம்பித்தான். விலிமைனாவும் நாத்தனாரும்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பழுப்பேறிய தட்டச்சுத் தாள் ஒன்று வந்தது. அதே வரி. அதற்கும் அடியில் கையால் எழுதியது ஒன்று. அதை அவன் சத்தமாகப் படித்தான்.

"'புயலில் தொட்டித் தண்ணீர் கெட்டுவிட்டது. சரியாகும்வரை, சிசேரியன் ஆன தாய்க்குப் பன்னிரண்டு மணி நேரம் வாய்வழி எதுவும் வேண்டாம். டிரிப் மட்டும்.' தேதி இருக்கு சிஸ்டர். பத்தொன்பது வருஷம் ஆச்சு."

"கையெழுத்து?" என்றேன்.

அவன் தாளை என்னிடம் நீட்டினான். கையெழுத்து என்னுடையது.

அப்போது இந்த வார்டின் பொறுப்பு நான்தான்; அந்தப் புயல் வாரத்தில் நான் எழுதி ஒட்டிய தாள்கள் எத்தனையோ. தொட்டியை அடுத்த மாதமே கழுவிவிட்டோம். யாரோ தட்டச்சு செய்தபோது முதல் வரியை விட்டுவிட்டார்கள். விதி மட்டும் சுவரிலேயே தங்கிவிட்டது. 'ஏன்' என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தே சம்பளம் வாங்குகிறவள் நான். கூசிப்போனேன்.

டாக்டரைக் கூப்பிட்டோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஆராய்ச்சித் தாளையும் என் பழைய தாளையும் மாற்றி மாற்றிப் படித்தார். "குடுங்க. கொஞ்சங் கொஞ்சமா குடிக்கட்டும்," என்றார்.

தேநீரை நானே ஊற்றிக் கொடுத்தேன். விலிமைனா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

"புதுசா எழுதி ஒட்டிடட்டுமா சிஸ்டர்?" என்றான் வைசாலே.

"ஒட்டு. ஏன்னு எழுதி, தேதியும் போடு. அந்த வரி இல்லாம யாரும் நகல் எடுக்கக் கூடாதுன்னும் எழுது."

விலிமைனா கோப்பையை மறுபடி நீட்டினாள். "உங்க சின்னப் பையனும் இதே வார்டுல ஆபரேஷன்லதான பொறந்தான்? அப்போ இந்தத் தாள் இருந்துச்சா சிஸ்டர்?"

"டைப் அடிச்ச தாள் இருந்துச்சு. அதுக்கு நேர் எதிர்க் கட்டில்தான். நாக்கு வறண்டு அதையே பாத்துட்டுக் கிடந்தேன்."

"யாரையும் கேக்கலியா?"

"இல்லம்மா," என்றேன். "ஆபீஸ்ல யாரோ விஷயம் தெரிஞ்சவங்க எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன்."