பியோவின் ஆள்

திங்கட்கிழமை மேனேஜர் பதவியிலிருந்து பியோவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சனிக்கிழமையே குன்சான் கால்பந்து அணி மூன்று கோல் போட்டு ஜெயித்தது. அதே பதினோரு பேர், அதே கால்கள். போன வாரம் வரை பந்தைக் கண்டால் வாடகை கேட்க வந்த வீட்டுக்காரரைக் கண்டதுபோல ஒதுங்கியவர்கள், இந்த வாரம் தள்ளுபடிக் கடைக்குள் புகுந்த கூட்டம்போல அதன் மேல் விழுந்தார்கள்.

ரசிகர்கள் சந்தோஷப்பட்டார்களா என்றால், அதுவும் இல்லை. கிழக்கு வரிசையில் நீளமாக ஒரு துணியை விரித்துப் பிடித்திருந்தார்கள்: 'இந்தக் கால்களை இத்தனை நாள் எங்கே அடகு வைத்திருந்தீர்கள்?'

கேள்வி நியாயமானதுதான். பதில்தான் யாரிடமும் இல்லை. வேண்டுமென்றே யாரும் ஆடாமல் இருந்ததில்லை; கேப்டன் சுன்ஹோவுக்கு அது தெரியும். தோற்க ஆரம்பித்த பிறகு, பந்து வருவதற்கு முன்னால் ஒவ்வொருவனும் கோட்டுக்கு வெளியே நின்ற பியோவின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பார்த்துத் திரும்புவதற்குள் பந்து எதிராளியிடம் போயிருக்கும். இப்போது அங்கே வேறு முகம். அதற்குப் பயப்பட இன்னும் யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

சுன்ஹோவின் பாடு வேறு. அவன் பியோவின் ஆள். பள்ளிக்கூட அணிக்கு அவனைப் பொறுக்கியெடுத்தது பியோ. பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு பியோ. முட்டி போய்விட்டது என்று மற்ற கிளப்புகள் கைகழுவியபோது இங்கே கூட்டிவந்து கேப்டன் ஆக்கியது பியோ. அவன் கல்யாணத்தன்று மேடையில் நின்று நடத்திவைத்ததும் அவரேதான். மேனேஜர் போனால் அவர் ஆட்களும் பின்னாலேயே மூட்டை கட்டுவதுதான் கொரியக் கால்பந்தில் நடப்பு. டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. வயது முப்பத்துமூன்று. மனைவி வயிற்றில் இரண்டாவது. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து கிடைக்காவிட்டால், மாமனாரின் மீன் ஏலக் கடையில் ஐஸ் உடைக்க வேண்டியதுதான்.

புது மேனேஜர் ஹாம் முதல் நாளே சொன்னார்: "யாரு யாரோட ஆளுங்கிற கதையெல்லாம் எனக்கு வேணாம். நான் காலைத்தான் பார்ப்பேன்."

எல்லா மேனேஜரும் முதல் நாள் சொல்வதுதான். ஆனால் ஹாம் நிஜமாகவே காலைத்தான் பார்த்தார். சுன்ஹோவின் கால்களும் என்னவோ திரும்ப முளைத்தவைபோல ஓடின. காரணம் அவனுக்கே வெட்கமாக இருந்தது. பியோ இருந்தவரை அவன் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். மைதானத்தில் அவனுக்கு வரவேண்டிய பந்துகூட ஒரு யோசனைக்குப் பிறகுதான் வரும். இப்போது எல்லோரும் கூடும் சுட்ட இறைச்சிச் சாப்பாட்டுக் கடையில் நடுமேஜையில் இடம்.

"அனாதையாயிட்டீங்களே அண்ணே," என்றான் நடுக்களத்தில் ஆடும் தேவூக், சுட்ட பன்றித் துண்டங்களை அவன் பக்கம் தள்ளி. "வாங்க, இனிமே நம்ம குடும்பம்தான். வரதட்சணை மட்டும் இன்னிக்கு பில்லோட சேத்துக் குடுத்துருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சுன்ஹோவும் சிரித்தான். அந்த வாரம் பியோவிடமிருந்து செல்போனில் ஒரு வரி வந்திருந்தது: 'இடது பக்கம் திரும்புறது நல்லா வந்திருக்கு.' பதில் அடித்தான், அழித்தான், மறுபடி அடித்தான். கடைசியில் அனுப்பவில்லை.

அக்டோபரில் பியோவின் தாயார் இறந்துபோனார். செய்தி எல்லோருடைய போனுக்கும் வந்தது: இக்சான் ஆஸ்பத்திரியின் துக்க மண்டபம், மூன்றாம் நாள் காலை சவப்பெட்டி எடுப்பு. இக்சான் காரில் அரை மணி. பியோவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பிள்ளைகளும் இரண்டு பெண்கள். துக்கத்திலிருக்கும் மகன் பெட்டியைத் தூக்குவது அங்கே வழக்கமில்லை; அப்படிப்பட்ட வீட்டில் தூக்குவது அவரிடம் ஆடிய பையன்கள்தான். அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பயிற்சி முடிந்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை முங்கி உட்கார்ந்திருந்தபோது தேவூக்தான் ஆரம்பித்தான். "என்ன அண்ணே, போறமா?"

"நீ என்னடா நினைக்கிற?"

"நான் நினைச்சு என்ன ஆகப்போகுது? போறவன் மூஞ்சி நாளைக்கே இங்க தெரிஞ்சுபோகும். பியோ கோஷ்டின்னு முத்திரை குத்திட்டா டிசம்பர்ல கழிச்சுவிட்டுருவாங்க."

"ஹாம் சார் அப்படியெல்லாம் பார்க்க மாட்டாரு," என்றான் கோல்கீப்பர்.

"பார்க்க மாட்டாருன்னு எழுதித் தருவாரா?" தேவூக் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். "நீங்க போனா நாங்களும் வர்றோம் அண்ணே. நீங்க போகலேன்னா, கேப்டனே போகலைன்னு சொல்லிக்குவோம்."

தொட்டி முழுக்க சுன்ஹோவைப் பார்த்தது. பாரத்தை எவ்வளவு மரியாதையாக இறக்கி வைத்துவிட்டான் பயல்! சுன்ஹோ முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லார் பேர்லயும் பெரிய மலர் வளையமா ஒண்ணு அனுப்பிருவோம்," என்றான். "சனிக்கிழமை மேட்ச் இருக்கு. பெரியவரு புரிஞ்சுக்குவாரு."

"அதானே, பெரியவருக்குத் தெரியாததா," என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில். சட்டென்று பேச்சு கலகலப்பானது.

மூன்றாம் நாள் காலைப் பயிற்சிக்கு ஹாம் வரவில்லை. உதவியாளர்கள் இருவரையும் காணோம். உடற்பயிற்சிக்காரர் மட்டும் விசிலை ஊதிக்கொண்டிருந்தார். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் வந்து நின்றது. ஹாம் கறுப்புக் கோட்டு, கறுப்பு டையில் இறங்கினார். பாக்கெட்டிலிருந்து பெட்டி தூக்குகிறவர்கள் போடும் வெள்ளைப் பருத்திக் கையுறை எட்டிப் பார்த்தது.

யாரும் பந்தைத் தொடவில்லை.

ஹாம் நேராக சுன்ஹோவிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"பெட்டிக்கு ஆறு பேர் வேணும்பா. நாங்க மூணு பேரு, அவரு மாப்பிள்ளை ஒருத்தரு. மண்டபத்து ஆள் ஒருத்தன் வந்தான். அப்பவும் ஒரு கை குறைஞ்சுது. வாடின மலர் வளையத்தையெல்லாம் வண்டியில ஏத்த ஒருத்தன் வந்திருந்தான். உங்க வளையத்தைக் கீழ வச்சுட்டு அவன்தான் ஒரு பக்கம் பிடிச்சான்."

"சார், நீங்க தப்பா நினைச்சுக்குவீங்களோன்னு..."

"நானா?" ஹாம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "பட்டாளத்து அணியில என் பூட்ஸுக்குக் கயிறு கட்டிவிட்ட அண்ணன்யா அவரு. இந்த வேலைக்கு வரலாமான்னு அவரைத்தான் முதல்ல கேட்டேன். 'போ, சுன்ஹோவை விட்டுராதே'ன்னாரு." டையைத் தளர்த்திக்கொண்டார். "என்னையும் ஒருநாள் அனுப்புவாங்க. எங்கம்மாவுக்கும் வயசு எண்பத்தஞ்சு."

சுன்ஹோ தலையைத் தொங்கப்போட்டான்.

"காலைத்தான் பார்ப்பேன்னு சொன்னேன். சனிக்கிழமை நீ ஆடுற," என்று சொல்லிவிட்டு ஹாம் உடை மாற்றப் போனார்.

சனிக்கிழமை அவன் ஆடினான். ஆடினான் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். பந்து வருவதற்கு முன்னால் அவன் கண் தானாகக் கோட்டுக்கு வெளியே போயிற்று. ஹாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், திட்டவில்லை, கத்தவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. இடது பக்கம் திரும்பும்போது எதிரணிப் பொடியன் பந்தைத் தட்டிக்கொண்டு போய் கோல் போட்டான். இரண்டாவது கோலும் அவன் பக்கம்தான். தேவூக் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டி ஓடினான். முந்தாநாள் வரை குடும்பமாக இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆடினார்கள். தொட்டியில் அவரவர் சொன்னது அவரவர் காதில் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

அடுத்த வாரமும் தோல்வி. அதற்கடுத்த வாரம் அவன் பெஞ்சில். பத்திரிகைக்காரர்கள் 'புது மேனேஜர் மவுசு தீர்ந்தது' என்று எழுதினார்கள்.

நவம்பர் கடைசியில் சுன்ஹோ இக்சானுக்குக் காரை எடுத்தான். துக்கம் கேட்கப் போவதாக மனைவியிடம் சொன்னான். வழியில் பேரிக்காய்ப் பெட்டி வாங்கிக்கொண்டான்.

பியோதான் கதவைத் திறந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். தாயாரின் படத்துக்கு முன்னால் சுன்ஹோ நெற்றி தரையில் பட இரண்டு தடவை விழுந்து கும்பிட்டான். எழுந்திருக்க நேரமாயிற்று.

"சாப்டுட்டியா?" என்றார் பியோ.

பதிலுக்குக் காத்திராமல் அவர் மனைவி எலும்புச் சூப்பும் சோறும் கொண்டுவந்து வைத்தார். பியோ அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வலது காலில் ஊன்றாமலே திரும்புகிறாய், இடுப்பு தாமதமாக வருகிறது, முட்டியில் வலி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பழைய மாதிரியேதான். சுன்ஹோவுக்குத் தைரியம் வந்தது.

"சார், நீங்க ஹாம் சார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா... ஒரே ஒரு வருஷம் போதும். வீட்டுல ரெண்டாவது..."

பியோ அவனை நிதானமாகப் பார்த்தார். விலை கேட்ட பொருளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கிறவரைப்போல. கோபம் இல்லை.

"மொத தடவையே சொல்லிட்டேனேடா," என்றார். "ரெண்டாந் தடவை சொன்னா என் வார்த்தைக்கு என்ன மதிப்பு? ஆடுறதைப் பார்த்தேன். ஹாம் எடத்துல நான் இருந்தாலும் உன்னை வச்சுக்க மாட்டேன்."

முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய்த் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"சூடா இருக்கும்போதே சாப்பிடு."

சுன்ஹோ கரண்டியை எடுத்தான். கிண்ணம் காலியாகும்வரை பியோ எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.