கர்தினால் படுத்த இடம்

எங்கள் பெத்ராலோங்காவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மேலே சமவெளி சும்மா கிடக்கிறது, கீழே ஆற்றோரம் சும்மா கிடக்கிறது. ஆடுகூடக் காலை ஊன்ற யோசிக்கிற இந்தச் சரிவில் புனித வீத்து கோயிலை ஏன் கட்டினீர்கள்? முகப்பு ஏன் விருந்து சாப்பிட்டவன் வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது? ரோமாபுரியில் அதுதான் நாகரிகம் என்று படித்தவர்கள் பதில் சொல்வார்கள். அந்த முகப்பைக் கட்டிய மேஸ்திரி மோம்மு நான்தான். ஊரில் எனக்குப் பொய்யன் என்று பெயர். அதில் ஒரு சௌகரியம்: நான் உண்மையைச் சொன்னால் யாரும் திருடிக்கொண்டு போவதில்லை.

ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று, ஜனவரி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. பூமி ஆடியது. செத்தவர்களைப் பற்றி நான் கதை விடமாட்டேன், புதைத்தோம், அழுதோம். மற்றதைச் சொல்லலாம். பழைய கோயில் மணி கழன்று, உருண்டு உருண்டு கடலுக்கே போய்ச் சேர்ந்தது. அன்று முதல் அந்தப் பக்கத்துச் சூரை மீன்களுக்குப் பக்தி வந்துவிட்டது. இறைச்சி ஆகாத வெள்ளிக்கிழமைகளில் தாமாகவே வலைக்கு வருகின்றன.

ஊரில் விழாமல் நின்றது ஒன்றே ஒன்று. ஆற்றோரத்தில் அக்ரிப்பீனாவின் ரொட்டி அடுப்பு. சுவர் போயிற்று, கூரை போயிற்று, அடுப்பு மட்டும் நின்றது. நான்காம் நாள் திறந்து பார்த்தால் உள்ளே ஞாயிற்றுக்கிழமை ரொட்டி. கொஞ்சம் கருகியிருந்தது. அக்ரிப்பீனா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை, பதமாகத்தான் வெந்திருந்தது என்கிறாள். அந்த ரொட்டியைத் தின்றுதான் நாங்கள் பிழைத்தோம். அன்றே எனக்கு அவள்மேல் மனசு போய்விட்டது.

அதற்குள் பிரபு கொர்ராதீனோ, சிராகூசாவிலிருந்து ஒரு வரைபடக்காரரைக் கூட்டிவந்து, மேலே தம்முடைய சமவெளியில் நூல் பிடித்த மாதிரி தெருக்கள் போட்டு ஊர் வரைந்துவிட்டார். கோயில் எங்கேயோ ஊர் அங்கே. ஊர் மேலே போனால் ஆற்றோரத்தில் அக்ரிப்பீனாவும் அடுப்பும் தவளைகளும்தான் மிச்சம். அடுப்பைப் பெயர்த்தெடுத்தால் அது அடுப்பு இல்லை, ஒரு கூடை மண்.

நான் போய்க் கல்யாணம் கேட்டேன்.

"அடுப்பு இருக்குற எடத்துலதான் நான் இருப்பேன். ஊரு மேல போனா நீயும் பிரபு மாளிகைக்குக் கல்லு செதுக்க மேல போயிருவ. ஏறி எறங்கிக் குடும்பம் நடத்த நான் என்ன ஆடாய்யா?"

"ஊரு கீழ வந்துட்டா?"

"வந்துட்டா பேசலாம்" என்று மாவைப் பிசைந்தாள்.

கோயில் மேலேயா கீழேயா என்ற சண்டை முற்றியதும் எங்கள் பங்குக் குரு எராஸ்மோ சாமி பழைய வழக்கத்தை எடுத்தார். புனிதரின் சிலையை மாட்டு வண்டியில் ஏற்ற வேண்டும், மாட்டை யாரும் ஓட்டக்கூடாது. அது எங்கே நின்று மூன்று முறை அதட்டியும் நகரவில்லையோ, அதுதான் புனிதர் கேட்கிற இடம். திருவிழா ஜூன் பதினைந்து. வண்டி மாடுகள் இரண்டு. சிவப்பு மாட்டுக்குக் கர்தினால் என்று பெயர், கர்தினால்மார் போடுகிற சிவப்பு அங்கியை வைத்து. மற்றதன் பெயர் பிஷப்.

கர்தினாலின் பலவீனம் எனக்குத் தெரியும். கரோப் நெற்று. கறுத்து, காய்ந்து, தேனாக இனிக்கும் அந்த நெற்று ஒரு மைல் தள்ளி இருந்தாலும் அதன் மூக்குக்கு எட்டும். விழாவுக்கு முந்தின நாள் காலையில் ஒரு மூட்டை நெற்றை அடுப்புக்குப் பின்னால் வைக்கோலில் ஒளித்தேன்.

அங்கேதான் தப்புப் பண்ணினேன். திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் சாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவனுக்கு மறுநாள் நற்கருணை கிடையாது. நான் ஊரில்தான் பொய்யன், சாமியிடம் இல்லை. மண்டியிட்டுச் சொல்லிவிட்டேன்.

"எத்தனை மூட்டை?" என்றார் சாமி.

"ஒண்ணு சாமி."

"ஒண்ணுதானா" என்றார், என்னமோ நான் குறைத்துவிட்ட மாதிரி. "பரிகாரம் என்னன்னா, அந்த மூட்டையக் கொண்டாந்து மாட்டுக் கொட்டில்ல போட்டுட்டுப் போ."

சரிவின் நடுவில் கொட்டில். சுமந்துகொண்டு ஏறினேன். உள்ளே ஏற்கெனவே மூன்று மூட்டைகள், மூன்றிலும் பிரபுவின் முத்திரை. பக்கத்தில் பிரபு கொர்ராதீனோவே முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கும் அதே பரிகாரம், அதை வேலைக்காரன் செய்யக் கூடாதாம்.

"காத்து வாங்க வந்தேன், மேஸ்திரி" என்றார்.

"நல்ல காத்து, எஜமான்" என்றேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் எராஸ்மோ சாமி அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாடுகளுக்கு நெற்றை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று மூட்டை காலி, நாலாவது வாய் திறந்திருந்தது.

"சாமி, இவ்வளவுமா?"

"இந்தப் பஞ்சத்துல ஆண்டவர் குடுத்த தீனிய வீணாக்கலாமா? பசிச்ச மாடு வயித்துக்குச் சாட்சி சொல்லும், மேஸ்திரி. வயிறு ரொம்பின மாடுதான் புனிதருக்குச் சொல்லும்."

சிலையை ஏற்றி, கொட்டில் வாசலிலேயே வண்டி பூட்டினோம். மேளம் முழங்கியது. கர்தினால் பதினொரு அடி நடந்தது. நின்றது. பெருமூச்சு விட்டது, மூன்று பெண்களின் முக்காடு பறந்தது. பிறகு சரிவிலேயே படுத்துக்கொண்டது. கர்தினால் படுத்தபின் பிஷப் நிற்க முடியுமா? அதுவும் படுத்தது. மூன்று முறை அதட்டினோம். மூன்றாவது அதட்டலுக்குக் குறட்டை பதிலாக வந்தது.

"வாழ்க புனித வீத்து" என்று சாமி ஆரம்பித்தார். ஊரே சொன்னது. நானும் பிரபுவும் கொஞ்சம் தாமதமாகச் சொன்னோம்.

அக்ரிப்பீனா பக்கத்தில் வந்து நின்றாள். "மேலயும் இல்ல, கீழயும் இல்ல. உன் பேச்சு மாதிரியே இருக்கு."

"அப்ப கல்யாணம்?"

"கோயில விட்டு வர்ற சனம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாப்போம்."

அதுதான் வினை. வரைபடக்காரர் கோயிலுக்கு நூற்று நாற்பது படி போட்டிருந்தார். ஆனால் அவை அடுப்புக்கு நாற்பது தப்படி முன்னாலேயே முடிந்து, கோயில் சரிவுக்கே மாளிகையை மாற்றிக்கொண்ட பிரபுவின் வாசல் பக்கம் திரும்பும் பாதையில் சேர்ந்தன. வேலை என் கையில். ஒவ்வொரு படியின் உயரத்திலும் இரண்டிரண்டு விரல் குறைத்தேன். படி தாழ்ந்தால் எண்ணிக்கை கூடும், எண்ணிக்கை கூடினால் நீளம் கூடும். எட்டு வருஷ வேலை, யாரும் கவனிக்கவில்லை. பிரபு ஒருநாள் கவனித்தார்.

"ஏன்யா படி இவ்வளவு தாழ்வா இருக்கு?"

"உங்க வீட்டம்மா பாவாடை அகலத்துக்கு எஜமான். ஒசரப் படின்னா தடுக்கும்."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அந்தப் பாவாடையை மனதில் வைத்துத்தான் அவருடைய மாளிகை மாடத்தின் கம்பிகளையும் வாத்து நெஞ்சு மாதிரி வளைத்துக் கொடுத்திருந்தோம். கம்பிக்குக் கீழே தாங்கும் கல்லில் ஒரு மாட்டுமுகம் செதுக்கினேன், நெற்று மெல்லுகிற மாதிரி.

"இது யாரு?" என்றார்.

"கர்தினால், எஜமான்."

"மூக்கு எங்கேயோ பாத்த மூக்கா இருக்கே."

"நல்ல மூக்கு எஜமான். தேடிப் பிடிச்சது."

தினமும் கண்ணாடி பார்க்கிற மனிதர். தன் மூக்கைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

கோயில் முகப்பின் கதை இவ்வளவுதான். கர்தினால் படுத்திருந்தபோதே அதன் வயிற்றைக் கயிறு போட்டு அளந்து வைத்திருந்தேன். புனிதர் கேட்ட இடத்தில் புனிதர் காட்டிய வளைவு. வரைபடக்காரர் பார்த்து, "அப்படியே ரோமாபுரி" என்றார்.

கடைசிப் படியை நானே வைத்தேன், இருநூற்று மூன்றாவது. அது அடுப்பு வாசலுக்கு ஒரு முழம் முன்னால் முடிந்தது. முதல் பூசை முடிந்து கோயில் கதவு திறந்ததும் சனம் இறங்க ஆரம்பித்தது. பாதி வழியில் ரொட்டி வாசனை பிடித்துவிட்டது, அதற்குப்பின் ஒருவர்கூடப் பிரபு வாசல் பக்கம் திரும்பவில்லை. எராஸ்மோ சாமி திருவுடுப்பைக்கூடக் கழற்றாமல் முன்னால் நின்றார்.

அக்ரிப்பீனா மாவுக் கையோடு வெளியே வந்து படியையும் என்னையும் பார்த்தாள்.

"ஒரு முழம் கொறையுதே, மேஸ்திரி."

"தெரியும். அந்தக் கல்லு என்கிட்ட இருக்கு. கல்யாணத்தன்னிக்குப் போடுறேன்."

போட்டேன். அதனால்தான் கோயில் ஏட்டில் இருநூற்று மூன்று என்றும், எங்கள் வீட்டில் இருநூற்று நாலு என்றும் இருக்கிறது. சந்தேகமிருந்தால் வந்து எண்ணிப் பாருங்கள். மேலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள், கீழே வரும்போது ரொட்டி சூடாக இருக்கும். கருகியிருந்தால் அவளிடம் சொல்லாதீர்கள்.