வாசலில் நிற்கச் சொன்ன கிளாரினெட்

"மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆள் ஒருத்தர் வாராரு. மேடையில அவரு ஊதட்டும். நீ ஒன் பேண்டு செட்டோட வாசல்ல நின்னு கலெக்டருக்கு வரவேற்பு குடுத்துரு" என்றார் இசை மன்றச் செயலாளர் உக்கிரபாண்டி. பந்தியில் இலையை மாற்றிப் போடச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பேச்சிமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பட்டாளத்து பேண்டில் பதினைந்து வருஷம் ஊதி, மேல்நாட்டு இசைக்குறிப்பைப் படிக்கக் கற்றவர் அவர். இப்போது சிம்மக்கல்லில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதுகிறார். பள்ளிக்கூடத்துப் பழைய பியானோ ஸ்டூலுக்குள் கிடந்த தாள்களை இசை டீச்சர் மலையம்மாள் அவரிடம்தான் கொண்டுவந்தாள். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்கும் ஒரு ஜெர்மன்காரன் எழுதியது. அவன் பெயரையும் கிளாரினெட் தாள்களில் பாதியையும் கரையான் தின்றிருந்தது. பேச்சிமுத்து பியானோ தாள்களை வைத்துக்கொண்டு நாலு மாதம் உட்கார்ந்து அத்தனையையும் மீட்டு எழுதினார். அந்த இசை கேட்டது நீளமான, சுருதி கொஞ்சம் தாழ்ந்த கிளாரினெட்டை. அவரிடம் இருந்தது குட்டை. அதனால் ஒவ்வொரு சுரத்தையும் சுரப்படியில் அரைப்படி இறக்கி எழுதிக்கொண்டார். இரண்டாம் பகுதியை முதல் தடவை ஊதி முடித்தபோது வெட்கமில்லாமல் அழுதார். இப்பேர்ப்பட்டதை எப்படி மறந்தார்கள் பாவிகள்? மன்றத்து விழாவில் அதை ஊதத்தான் இப்போது மெட்ராஸ்காரர் வருகிறார்.

மாலை ஒத்திகை. மெட்ராஸ்காரர் நீளக் கிளாரினெட்டோடு வந்திருந்தார். பேச்சிமுத்துவின் தாளை விரித்து ஊதினார். பியானோவும் கிளாரினெட்டும் சக்களத்திகள் போல மல்லுக்கு நின்றன.

"தப்பும் தவறுமா எழுதியிருக்கான்" என்றார் செயலாளர்.

பேண்டு செட்டின் சிவப்புக் கோட்டோடு வாசலில் நின்ற பேச்சிமுத்துவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. உள்ளே போனார். "தாள்ல தப்பில்ல. இது என் கிளாரினெட்டுக்கு எழுதுனது. அவருது அரைப்படி கீழ பேசும். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

யாரையும் எதிர்பார்க்காமல் நின்றபடியே ஊதத் தொடங்கினார். மலையம்மாள் பியானோவில் சேர்ந்துகொண்டாள். பெருக்கிக்கொண்டிருந்தவள்கூட விளக்குமாற்றை நிறுத்திக் கேட்டாள்.

முடிந்ததும் செயலாளர் கைதட்டினார். "பிரமாதம்! அப்ப ஒன் கிளாரினெட்டை சாருக்குக் குடுத்துரு. வாய் வைக்கிற முனையை மட்டும் டெட்டால் போட்டு நல்லாக் கழுவிட்டுக் குடு."

இத்தனை நாள் ஊரில் விழுங்கிய அவமானமெல்லாம் பேச்சிமுத்துவுக்கு மேலே எழும்பி வந்தது.

"கழுவ மாட்டேங்கய்யா. அவருக்கு வேணும்னா இப்பிடியே ஊதட்டும்." கிளாரினெட்டை மெட்ராஸ்காரர் முன்னால் நீட்டினார். முனையில் எச்சில் இன்னும் காயவில்லை.

மெட்ராஸ்காரர் அதைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். கிளாரினெட்டை வாங்க அவர் கை மடியை விட்டு எழவே இல்லை.

"ஒத்திகையில இதெல்லாம் எதுக்குப்பா" என்று இழுத்தார் செயலாளர். பேச்சிமுத்து நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் மெட்ராஸ்காரர் எழுந்து தன் பெட்டியை மூடினார்.

காலியான நாற்காலியில் பேச்சிமுத்து உட்கார்ந்தார்.

"வாசலுக்கு யாரு போறது?" என்று கத்தினார் செயலாளர்.

"நீங்க போங்க" என்றாள் மலையம்மாள், தலையைத் திருப்பாமல். "அண்ணே, மொதல்ல இருந்து வாசிப்போமா?"